எந்தப் பெற்றோல் நல்ல பெற்றோல்?

பம்பலப்பிட்டியிலே காலி வீதியை அடுத்த ஒழுங்கையொன்றில் நம் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆதலின் அயலவர் அனைவருக்கும் அவர் 'மாஸ்டர்'. வீட்டு மின்சாரக் கட்டணத்தைக்கூடச் சதக்கணக்கில் சரிபார்ப்பவர். ஆயினும் அவரிடம் கணக்குக்கு அடங்காத வழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்கு அருகிலேயே பெற்றோல் செட் இருக்க, அதனைக் கடந்து, வாகன நெரிசலில் ஊர்ந்து, தமக்குப் பிடித்த சின்னம் பொறித்த செட் ஒன்றைத் தேடிச் சென்றே தம்முடைய சிறிய யப்பானியக் காருக்குப் பெற்றோல் அடிப்பார். அதுவும் விலை கூடிய ஒக்டேன் 95!

சென்ற ஞாயிறு மாலை அவர் வீட்டு விறாந்தையில் நாம் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது இவ்விஷயம் வழக்காக வெடித்தது. வழக்கைத் தொடுத்தவள் அவருடைய மூத்த மகள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்பவள்.

"மாமா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அப்பா பெற்றோலுக்கு வீணாகக் கொடுக்கிற காசிலே தம்பியின் ரியூஷன் காசைக் கட்டிவிடலாம். பெற்றோல் எல்லாம் ஒன்றுதானே?"

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளைக்குப் புத்தகம் தெரியும். அந்த இரவை மறந்துவிட்டாள்" என்றார்.

"மறக்கவில்லை, அப்பா" என்றாள் அவள் மெல்ல.

அந்த இரவின் கதையைப் பின்னர் கூறுவோம். முதலில் வழக்கின் பொருளை ஆராய்வோம். நம் வாசகர் பலருடைய இல்லங்களிலும் இதே வழக்கு நடைபெறுவதை நாம் அறிவோம்.

கொடிகள் மாறிய கதை

எந்தச் சின்னத்துப் பெற்றோல் சிறந்தது என்ற வினா நம் நாட்டிலே பல ஆண்டுகள் எழவே இடமிருக்கவில்லை. முன்னாளில் ஷெல், கல்டெக்ஸ், எஸோ ஆகிய அந்நிய நிறுவனங்கள் இங்கே வாணிபம் செய்தன. சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அந்நிறுவனங்களின் உடைமைகள் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடு பற்றிய பிணக்கினால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியையே நிறுத்திவைத்தது. 1964 சனவரி முதலாகக் கூட்டுத்தாபனமே நாட்டின் ஏக விநியோகத்தராயிற்று. 1969இல் சப்புகஸ்கந்தவில் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. அக்காலத்தில் மாஸ்டரைப் போன்றவர்கள் சின்னம் தேடி அலைய வழியேது? நாடெங்கும் ஒரே கொடி!

பின்னர் 2003இல் இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி. களமிறங்கியது. 2023இல் சீனாவின் சினோபெக் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க நிறுவனமொன்று ஷெல்லுடன் இணைந்து இங்கு வருவதற்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய சிப்பிச் சின்னத்துக்குக் கதவு மீண்டும் திறந்தது. இப்போது வாசகருக்குத் தெரிவு உண்டு. தெரிவு வந்தாலே ஐயமும் உடன் வருமன்றோ?

ஆனால் கொடி வேறாயினும், அதன் கீழுள்ள பண்டம் முற்றிலும் வேறென்று எண்ணிவிடலாகாது. கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் உள்ள பெரிய சேமிப்புத் தளங்களைப் பராமரிக்கும் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும் லங்கா ஐ.ஓ.சி.க்கு மூன்றில் ஒரு பங்கும் உண்டு. எதிரெதிரே நின்று வாணிபம் செய்யும் இருவர் களஞ்சியத்தைக் கூட்டாக வைத்திருக்கிறார்கள்! பெற்றோல் என்பது உலகெங்கும் ஒரு தரக்கட்டளைக்கு அமைய வாங்கி விற்கப்படும் சரக்கு. அடிப்படை எண்ணெயில் சின்னத்துக்குச் சின்னம் உள்ள வேற்றுமை சிறிதே.

இலக்கம் சொல்வது என்ன?

அடுத்து, ஒக்டேன் 92, 95 என்னும் இலக்கங்கள். இவற்றைத் தங்கத்தின் காரற் போலத் தூய்மையின் அளவென்று பலர் கருதுகின்றனர். அது தவறு. வலுவின் அளவுமன்று.

இயந்திரத்தின் உருளையினுள் பெற்றோலும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. உரிய கணத்தில் பொறி பாய்ந்ததும் அக்கலவை ஒழுங்காக எரிதல் வேண்டும். அமுக்கத்தின் வெம்மை தாங்காமல் அதன் ஒரு பகுதி தானாகவே வெடித்துவிட்டால், தகரத்தில் சம்மட்டியால் தட்டினாற்போல் ஓசை எழும். மெக்கானிக்குகள் இதனை 'நொக்கிங்' என்பர். இந்தத் தகாத வெடிப்பை எவ்வளவு தாங்கும் என்பதையே ஒக்டேன் இலக்கம் காட்டுகிறது. ஐசோ ஒக்டேன் என்னும் திரவத்துக்கு 100 எனவும், எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 எனவும் புள்ளியிட்டுள்ளனர். முன்னது 95 பங்கும் பின்னது 5 பங்கும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொள்ளும் பெற்றோலே ஒக்டேன் 95.

ஆகவே, அமுக்கம் மிகுந்த இயந்திரத்துக்கும், டேர்போ பொருத்திய பல இயந்திரங்களுக்கும் உயர்ந்த இலக்கம் தேவை. சாதாரணச் சிறு காருக்கு 92 போதுமென்று உற்பத்தியாளர் கூறியிருப்பின், 95 ஊற்றுவதால் விசேட நன்மை ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேராசிரியரை வைத்துப் பாடம் சொல்வது போலத்தான். மறுதலையாக, 95 வேண்டுமென்று குறித்த வண்டிக்கு 92 ஊற்றிச் சிக்கனம் பிடிப்பதும் அறிவுடைமையாகாது. எது வேண்டும் என்பதைக் காரோடு வந்த கைந்நூலிலும், பல வண்டிகளில் பெற்றோல் தாங்கி மூடியின் உட்புறத்திலும் காணலாம்.

சின்னத்தில் உள்ள உண்மை

அப்படியாயின் சின்னத்தால் பேதமே இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு, அதையும் நேர்மையாகக் கூறிவிடவேண்டும். அடிப்படை எண்ணெயோடு சில நிறுவனங்கள் துப்புரவாக்கும் இரசாயனப் பொருள்களைச் சேர்க்கின்றன. அவை பெற்றோலைத் தூவும் நுண்துளைகளிலும் வால்வுகளிலும் கரி படியாமல் காக்கின்றன. 2004ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டர்ஸ், ஹொண்டா, டொயோட்டா ஆகிய கார் உற்பத்தியாளர்கள் கூடி, 'டொப் டியர்' என்ற பெயரில் இதற்கொரு தரத்தை வகுத்தனர். அமெரிக்க மோட்டார் வண்டிச் சங்கம் 2016இல் நடத்திய சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்கு ஒப்பான இயக்கத்தின் பின், அத்தரத்தை எட்டாத பெற்றோல்கள் ஏனையவற்றிலும் 19 மடங்கு அதிகமான படிவை உண்டாக்கின எனக் கண்டனர்.

இது அமெரிக்கச் சோதனை. அதனை அப்படியே காலி வீதிக்குப் பெயர்த்துவிடலாகாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் கொடி?' என்பதன்று; 'உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள்?' என்பதே. அத்துடன், துப்புரவுப் பொருளும் ஒக்டேன் இலக்கமும் வெவ்வேறானவை என்பதையும் மறக்கலாகாது. இலக்கம் உயர்ந்தாலே துப்புரவும் உயரும் என்று விதியில்லை.

அந்த இரவு

இனி மாஸ்டரின் கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டை நம் வாசகருள் மறந்தவர் யார்? அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோல் கப்பல்கள் வருவது அருகிவிட்ட ஆண்டு அது. காலி வீதியில் கார்கள் நாட்கணக்கில் வரிசை கட்டி நின்றன. வரிசையிலே காத்துக் கிடந்து உயிர் துறந்த முதியோரும் உண்டு. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை அறிமுகமாகிக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கும் வரை நிலைமை தணியவில்லை. அந்நாளில் எவரும் சின்னம் கேட்கவில்லை, 'இருக்கிறதா?' என்பதே கேள்வி.

அட்டை முறைக்குச் சில வாரங்களுக்கு முன், அறிமுகமில்லாத ஒருவரிடம் கான் ஒன்றில் பெற்றோலைக் கொள்ளை விலைக்கு வாங்கினார் மாஸ்டர். அவசரத்துக்கு இருக்கட்டுமென்று தாங்கியிலே ஊற்றிவைத்தார். அவசரமும் வந்தது. ஒரு நள்ளிரவிலே அவர் மனைவியாருக்கு மூச்சுத்திணறல். காரை ஒழுங்கை வாயில் வரை கொண்டுவந்தார். இயந்திரம் இருமியது, வெண்புகை கக்கியது, நின்றுவிட்டது. பின்னாசனத்தில் தாயின் கையைப் பற்றிக்கொண்டு இருந்தவள் இந்த மகளேதான். அடுத்த வீட்டு முச்சக்கர வண்டிக்காரர் தம் பிழைப்புக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த பெற்றோலில் அவர்களை ஆஸ்பத்திரியிற் சேர்த்தார். காசு நீட்டியபோது அவர் வாங்கவில்லை. அம்மையார் பிழைத்தார். பின்னர் கராஜில் தாங்கியைக் கழற்றிப் பார்த்தபோது, பெற்றோலோடு மண்ணெண்ணெயும் அடியிலே நீரும் இருந்தன.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதன் ஒக்டேன் வலுவும் மிகக் குறைவு. அவ்வாண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபாயாக இருக்க, மண்ணெண்ணெயின் நிர்ணய விலையோ 87 ரூபாய். பின்னர் அது 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது கலப்படக்காரனுடைய கை சும்மா இருக்குமா?

அந்த இரவுக்குப் பின்னரே மாஸ்டர் ஒரே சின்னத்தின் அடியார் ஆனார். அவருடைய பக்தி ஆராய்ச்சியில் பிறந்ததன்று, அச்சத்தில் பிறந்தது. அதை நாம் நகைக்க மாட்டோம். ஆனால் அவரைக் கைவிட்டது எந்தச் சின்னமும் அன்று. எவர் கையிலிருந்து வந்ததென்று தெரியாத கான். அதேவேளை, சின்னம் இருந்தாலே பயமில்லை என்பதும் சரியன்று. 2011ஆம் ஆண்டில் தரங்குறைந்த பெற்றோல் முறையான வழியிலேயே நாட்டில் விநியோகமாகி, வாகனங்கள் பழுதுற்று, சொந்தக்காரர் இழப்பீடு கோரும் நிலை வந்ததை நினைவூட்டுகிறோம்.

நம் தீர்ப்பு

ஆதலின் நாம் வழங்கிய தீர்ப்பு இதுதான். கைந்நூல் கூறும் ஒக்டேனையே ஊற்றுக. விற்பனை மிகுந்து, சரக்குத் தேங்காமல் ஓடும் செட் ஒன்றைத் தெரிந்து கொள்க. மாரி காலத்தில் நிலத்தடித் தாங்கிகளில் நீர் கசிய இடமுண்டு. வெள்ளம் நின்ற செட்டைச் சில நாள் தவிர்க்க. பற்றுச்சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்துக. வழக்கு வந்தால் அதுவே சாட்சி. திறந்த கானிலே வருவதை ஒருபோதும் தீண்டற்க.

மாஸ்டரின் கைந்நூலை மகளே எடுத்து வந்தாள். அவருடைய காருக்கு 92 போதுமென்று அதில் இருந்தது. விலை வேற்றுமை லீற்றருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், வாரம் 25 லீற்றருக்கு 1,000 ரூபாய். ஆண்டுக்கு 52,000 ரூபாய். கணித ஆசிரியர் அதனைத் தாமே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"இலக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். செட்டை மட்டும் மாற்றச் சொல்லாதே" என்றார் மகளிடம்.

"சரி அப்பா. மிஞ்சுகிற காசில் முதல் மாதத்தை அடுத்த வீட்டு அண்ணருக்குக் கொடுப்போம். அன்று அவர் காசு வாங்கவில்லையே" என்றாள் அவள்.

மாஸ்டர் தலையசைத்தார். தம்பியின் ரியூஷன் இரண்டாம் மாதத்திலிருந்து என்று முடிவாயிற்று. நாமும் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து எழுந்தோம்.