மேகாலயத்துக்கு ஒரு தோலுறை

அக்கா மகன் கேமரா வாங்கிவிட்டான். விலை மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கேட்டதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அதை எடுத்துக்கொண்டு ஜூலை மாதம் மேகாலயத்துக்குப் போவதாகத் திட்டம். அங்குள்ள மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 11,800 மில்லிமீட்டர். நாங்கள் இருக்கும் பெங்களூர் ஜீவனஹள்ளியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெய்யாது. அதற்கே ஆட்டோக்காரர்கள் வர மறுப்பார்கள்.

புறப்படப் பத்து நாள் இருக்கையில் அவனுக்கு மழையைப் பற்றி யோசனை இல்லை. உறையைப் பற்றித்தான். ஐரோப்பியத் தோலுறை ஒன்றின் படத்தைக் காட்டி, "இருபத்திரண்டாயிரம்தான் சித்தி, வாங்கிடட்டுமா?" என்றான். என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. தோலுறைக்குள் இருந்தே கெட்டுப்போன கேமரா ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

அப்பாவுடையது. எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் மூலம் வாங்கிய ஜப்பான் கேமரா. கெட்டியான பழுப்புத் தோலுறை, உள்ளே சிவப்பு வெல்வெட், முன்பக்கம் திறந்து தொங்கும் மூடி. 'எவர்ரெடி கேஸ்' என்பார்கள். எப்போதும் தயார் என்பது பெயரில் மட்டும். அப்பா அதை உறையோடு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். தூசி படக் கூடாது, நாங்கள் தொடக் கூடாது. 1994-ல் அக்கா கல்யாணத்துக்கு வெளியே எடுத்தபோது உறையின் மேல் வெள்ளை பூத்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு நான்கு சுருள் எடுத்தார். கழுவி வந்த படங்கள் எல்லாவற்றிலும் புகைமூட்டம். லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

மணமேடைக்குப் பக்கத்தில் அம்மா நிற்கும் படம் அதில் ஒன்று. அடுத்த ஆண்டு அம்மா இறந்துவிட்டார். அந்தப் படத்தில் புடவையின் நிறத்தைச் சொல்லலாம். முகத்தைச் சொல்ல முடியாது.

சில ஆண்டுகள் கழித்துத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய ஆயுதங்களைப் பார்க்கிறார். பீலி சூட்டி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தது என்று ஆசிரியர் விளக்கினார். எனக்கு அப்பாவின் பீரோதான் ஞாபகம் வந்தது.

அப்பா செய்ததில் தவறு உறை வாங்கியதல்ல, உறைக்குள்ளேயே விட்டது. தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெல்வெட்டும் அப்படியே. ஈரம், இருட்டு, அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அது கக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சைத் தின்று, விட்டால் கண்ணாடியையும் அரித்துவிடும். அதற்குப் பிறகு துடைத்தாலும் தடம் போகாது. தோலுறை பயணத்துக்கு. இடி, உரசல், கைவேர்வை ஆகியவற்றுக்கு அது காவல். வீடு திரும்பியதும் கேமராவைக் கழற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். உறை தனியாகக் காற்றாடக் கிடக்கட்டும்.

இதைச் சொன்னதும் பையன், "அப்ப உறையே வேணாமா?" என்றான். வேண்டும், ஆனால் முழு உறை வேண்டாம். மூடியைத் திறப்பதற்குள் மேகம் மலையைத் தாண்டிவிடும். அடிப்பாகத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் அரை உறை போதும். அவன் காட்டிய இருபத்திரண்டாயிரத்திலும் ஒரு கோளாறு: பாட்டரியை மாற்ற உறையையே கழற்ற வேண்டும். கொட்டும் மழையில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, தோள்வார். அது கேமராவின் சொந்த வளையங்களில் மாட்டப்பட வேண்டுமே தவிர உறையில் அல்ல. உறையின் தையல் விட்டுப்போனால் மூன்று லட்சமும் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆட்டோ பிடித்து, ஃப்ரேசர் டவுன் வழியாக டானரி ரோடுக்குப் போனோம். பெயரே சொல்கிறதே, தோல் பதனிடும் சாலைதான். பெயரைத் தந்த கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. தோல் தொட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தோலைத் தொட்டவரை ஊர் தள்ளிவைத்தது. தோலை மட்டும் தள்ளிவைக்கவில்லை. பை, பெல்ட் தைக்கும் பெரியவர் ஒருவரின் சிறிய கடை அங்கே எனக்குப் பழக்கம்.

அவர் இரண்டு துண்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று குரோம் தோல்: மிருதுவானது, தண்ணீர் பட்டால் சமாளிக்கும், ஓரிரு நாளில் பதமாகிவிடும். அந்த அவசரத்துக்கு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாறு கொடுத்த விலை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. மற்றது மரப்பட்டையில் ஊறிய தோல். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடிப்பது நம்மூர்ப் பழைய முறை. ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் உலகமெல்லாம் போன அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது வேறு விஷயம். இந்தத் தோலை நனைத்து அச்சில் வைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். கேமரா உறைக்கு இதுதான் சரி. ஆனால் பூஞ்சை இதில்தான் சீக்கிரம் வரும்.

"ரிவெட் அடிக்கலாமா?" என்று பையன் கேட்டான்.

"பித்தளை போட்டா பச்சை பூக்கும், இரும்பு போட்டா கறுப்பு ஏறும். உனக்கு எது வேணும் தம்பி?"

கறுப்பின் காரணம் எனக்குத் தெரிந்ததுதான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நாடு இது. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் மை.

மெழுகு நூலால் தைப்பதென்று முடிவாயிற்று. வெல்வெட் வேண்டாம், மெல்லிய ஆட்டுத்தோல் உள்பக்கம். பாட்டரிக் கதவுக்கு அடியில் திறப்பு. கேமராவைக் கொடுக்க மனமில்லாமல் பையன் அரை மணி நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தான். அந்த அளவுக்கு மரக்கட்டை செதுக்கித் தைத்துத் தர நான்கு நாள், 2,400 ரூபாய். பேரம் பேச வாயெடுத்தவனை நான் முறைத்தேன்.

மேகாலயத்தில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தான். மழைக்கு உறை உதவவில்லை, உதவும் என்று யாரும் சொல்லவுமில்லை. குடையும் பாலிதீன் பையும்தான். வழுக்கிய பாறையில் ஒருமுறை கேமரா மோதியதாம். உறையின் இடது மூலையில் நகம் அளவு பள்ளம், கேமராவில் ஒன்றுமில்லை.

அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கப் போனோம். பெரியவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எதுக்கு? இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு படங்களைக் கேட்டார். கடை வாசலில் நின்றபடி நாற்பது அருவிகளையும் பார்த்தார்.