மரத்தை மட்டும் எண்ணினால் காடு வந்துவிடுமா?

தொப்பியின் அகலம் 8 மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. தண்டு முழுக்க வழவழவென்று பசை. பகலில் பார்த்தால் மிதித்துவிட்டுப் போய்விடலாம், அவ்வளவு சாதாரணம். இருட்டியதும் அந்தத் தண்டு மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிர்வது தெரியும்! உண்மையில் பகலிலும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

பெயர் மைசீனா லக்ஸ்-ஈட்டெர்னா. ஊர், பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் அட்லாண்டிக் மழைக்காடு. 2010-ல் டென்னிஸ் டெஸ்ஜார்டின் குழுவினர் இதைப் புதிய இனமாக அறிவித்தார்கள். மோட்சார்ட்டின் 'ரெக்வியம்' இசையிலிருந்து எடுத்த பெயர். 'நிலையான ஒளி' என்று பொருள். 2011-ல் சிறந்த பத்துப் புதிய உயிரினங்களின் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

சரி, இது ஒளிராத காளானாக இருந்திருந்தால்? யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

"இத்தனூண்டு காளானால் என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. காளான் என்று வெளியே தெரிவது பழம் மாதிரி. உடம்பு, மெல்லிய இழைகளாக விழுந்த சுள்ளிக்குள் இருக்கிறது. அந்தச் சுள்ளியைக் கரைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. பல மழைக்காடுகளில் மண் ஏழை. உதிர்ந்த இலையும் குச்சியும் மக்கினால்தான் அடுத்த மரத்துக்குச் சாப்பாடு. மக்க வைப்பதில் பூஞ்சைகளுக்குத்தான் பெரிய பங்கு.

ஆனால் கணக்கு எழுதுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் வரையறைப்படி, வரிசையாக நட்ட யூகலிப்டஸ் தோட்டமும் 'காடு'தான்! கரும்புக்கும் காபிக்கும் நகரங்களுக்கும் அட்லாண்டிக் காட்டின் பெரும்பகுதி பலியான பிரேசிலில், இந்தக் கணக்கு எவ்வளவு வசதி பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதானே...

இன்னொரு கூத்து. 'தாவரங்களும் விலங்குகளும்' என்று சொல்லிவிட்டால் உயிர்கள் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைப்பு. பூஞ்சை இரண்டிலும் சேராது. உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றில் பெயர் வைக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மிச்சமெல்லாம் பெயர்கூட இல்லாமல் காட்டோடு சேர்ந்து போக வேண்டியதுதானா? ஐ.யு.சி.என்.னின் உயிரினப் பாதுகாப்பு ஆணையமே 2021-ல்தான் தாவரம், விலங்கு என்பதோடு 'ஃபங்கா' என்று பூஞ்சையையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது.

அதற்காக மரம் நடுவதே தப்பா? இல்லவே இல்லை. வெறும் நிலத்தில் நடுங்கள், நன்றாக வளருங்கள். இருக்கிற காட்டை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக நடுகிறோம் என்பதுதான் ஏமாற்று.

அடுத்த முறை யாராவது மேடையில் "ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நடுவோம்" என்று முழங்கினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரிங்க, காளானை எப்போ நடப் போறீங்க?"