நாடிச் சுவரின் அம்பா



சோளகம் ஓய்ந்து கடல் படிந்திருந்த ஒரு காலையில் உடப்புக் கரையில் நின்றேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டு விழும் இடத்தில் கயிறு வருகிறது. ஒரு பக்கம் முந்திவிட்டால் வலையின் மடி கோணிவிடும். அதனால் கை தன் கயிற்றிலும் காது மறுபக்கத்துப் பாட்டிலுமாக நிற்கிறார்கள்.

வரிசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரியவர், இழுக்காமல், கயிற்றின் மேல் கையை மட்டும் வைத்திருந்தார். சட்டைப்பையில் பழுப்புக் கண்ணாடிப் போத்தல் ஒன்று.

“நெஞ்சு இறுக்கினா இத நாக்குக்குக் கீழ வைக்கச் சொன்னாங்க தம்பி. வச்சா விட்டுரும்,” என்றார். பிறகு கேட்டார்: “குழாய்ல கொழுப்பு அடைச்சிருக்காம். உப்பளத்து வாய்க்கால்ல சேறு படியிற மாதிரியா?”

அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தப் பக்கம் அவருக்கான பதில்.

வாய்க்கால் என்றால் அதன் கரைக்கு உணர்வில்லை. நாடிச் சுவருக்கு உண்டு. அதன் உட்புறம் முழுவதும் ஒற்றை வரிசைக் கலங்களாலான ஒரு மெல்லிய படலம். இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதன் பின்னால் தசைக்கலங்கள். உட்படலம் ஓட்டத்தின் வேகத்தை உணர்ந்து தசைக்குச் சொல்கிறது. தசை இறுகுகிறது அல்லது தளர்கிறது. சிறிய நாடிகளில் இரு வகைக் கலங்களும் ஒன்றையொன்று தொட்டு, நுண்ணிய வாசல்கள் வழியாகவும் செய்தி கடத்துகின்றன. கயிற்றில் வைத்த அந்தப் பெரியவரின் கை என் கண்முன் நிற்கிறது.

இந்தப் பேச்சு தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயோர்க்கின் புரூக்ளினில் ரொபர்ட் ஃபர்ச்கொட் என்ற விஞ்ஞானி முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டால் அவை இறுகும், வருடக்கணக்காக அப்படித்தான். 1978இல் ஒருநாள் தளர்ந்துவிட்டன. விடாமல் காரணம் தேடியபோது பிடிபட்டது இது: முன்பெல்லாம் துண்டு வெட்டும்போது நாடியின் உட்புறம் தற்செயலாக உரசுப்பட்டு உட்படலம் கழன்றுபோயிருந்தது. இந்த முறை உரசவில்லை. ஆக, தளரச் சொன்னது உட்படலம். 1980இல் இதை வெளியிட்டார். அது அனுப்பும் தூது நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு, சில விநாடிகளே உயிர்வாழ்வது என்பது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உறுதியானது. 1998இல் ஃபர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஐயா, உங்கள் போத்தலில் இருப்பதும் அந்தத் தூதைக் கொண்டுவரும் மருந்துதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நெஞ்சுவலிக்குக் கொடுத்தார்கள். ஏன் வேலைசெய்கிறது என்று தெரியாமலே கொடுத்தார்கள். அதிலிருந்து நைட்ரிக் ஒக்சைட் வெளிவருகிறது என்று முராட் கண்டது 1977இல். சுவர் சொல்ல முடியாமல் போனதை மாத்திரை சொல்கிறது.

ஏன் சொல்ல முடியாமல் போகிறது? புகை, சீனி வருத்தம், கட்டுப்படாத பிரஷர், கூடிய கொலஸ்ட்ரோல் எல்லாம் முதலில் உட்படலத்தையே தாக்குகின்றன. நைட்ரிக் ஒக்சைட் குறைகிறது. காயப்பட்ட உட்படலம் தன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டி, போகிற வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது. உதவிக்கு வந்தவை சுவருக்குள் புகுந்து, அங்கே கெட்டுக்கிடக்கும் கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைபோல் ஊதிப்போய், இன்னும் ஆளைக் கூப்பிடுகின்றன. தசைக்கலங்களும் தங்கள் வேலையை விட்டு இடம்பெயர்ந்து வந்து, அந்தக் குவியலின் மேல் நாரால் ஒரு மூடி கட்டுகின்றன. அந்த மூடி மெலிந்து கிழிந்தால், அதில் இரத்தம் பட்டு உறைந்தால், மாரடைப்பு. சேறு படிவது வாய்க்காலின் மேற்பரப்பில். இது சுவருக்குள்ளே நடப்பது. நாடி கிளைபிரியும் இடங்களில், ஓட்டம் சுழலும் இடங்களில், இது அதிகம்.

இதெல்லாம் வயதானவர்களின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் ஒரு அறிக்கை வந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய நாடிகளில் நோயின் தடம் இருந்தது.

ஆனால் உட்படலத்தின் அந்தப் பேச்சு திரும்பி வரவும் கூடும். புகையை விட்டு ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. நடந்தால் இரத்தம் உட்படலத்தை நன்றாக உரசி ஓடுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஒக்சைட்டைக் கூட்டுகிறது. பிரஷருக்கு உப்பு ஆகாதுதான். ஆனால் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கருவாடும் உப்பும் நம் பிழைப்பு, நம் ருசி. கருவாட்டை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊறவைத்துக் கழுவி, அளவாக, கறிக்கு வேறு உப்புச் சேர்க்காமல் சமையுங்கள். கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள், தங்கச்சிமாரே, அண்ணன்மாரே.

நெஞ்சு இறுக்கினால் மாத்திரையை உட்கார்ந்துகொண்டு நாக்குக்குக் கீழே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மாத்திரை இல்லாதவர்கள் அந்த ஐந்து நிமிடமும் பார்க்கவேண்டாம்.

இந்த இதழ் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியோடு உடப்புக்குப் போகிறேன். வலை கரைக்கு வருவதற்குள், பெரியவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து நானே வாசித்துக்காட்ட நினைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்