மயிற்பொறியும் விளம்பரச் சிறகும்

சென்ற திங்கள் நாகர்கோவிலினின்று ஆரல்வாய்மொழிக்குச் செல்லும் வழியில் ஒரு விளம்பரப் பலகையைக் கண்டோம். இருசக்கர வண்டியொன்று, பக்கத்திற்கு ஒரு முழச் சிறகு விரித்து, நால்வரைச் சுமந்து முகிலிடையே செல்கின்றது. இஃது உண்மையிற் பறக்குமோ என்று உடன்வந்த பௌதிக மாணவரை வினவினோம். நகைத்தார், விடையும் தந்தார்.

பறவையொன்றை எல்லா அளவிலும் இருமடங்கு பெரிதாக்கின் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். ஆகவே பெரிய உடலுக்குச் சிறகு இன்னும் மிகப் பெரிதாதல் வேண்டும். 1979ஆம் ஆண்டில் பிரையன் ஆலன் என்பார் தம் கால்வலிமை ஒன்றே கொண்டு மிதித்து ஆங்கிலக் கால்வாயை வான்வழியே கடந்தார். அவ்வூர்தியின் எடை ஏறத்தாழ 32 கிலோ. சிறகோ முனைக்கு முனை ஏறத்தாழ 30 மீட்டர்! எந்திர விசையால் மிக விரைந்து செல்லின் சிறு சிறகும் தாங்கும் என்பது மெய்யே. ஆயின் பலகையிலுள்ள வண்டிக்குக் காற்றை உந்தும் கருவியும் இல்லை, வாலும் இல்லை.

அப்போது எமக்குச் சீவக சிந்தாமணி நினைவிற்கு வந்தது. சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியிற் கருவுற்ற விசயை தப்பிச் செல்கின்றாள். துணியும் பிசினும் நூலும் அரக்கும் மெழுகும் கொண்டு அது செய்யப்பட்டதாம். வலமாகத் திரித்தால் எழும், இடமாகத் திரித்தால் இறங்கும். எடை குறைதல் வேண்டும் என்னும் நுட்பம் திருத்தக்கதேவர்க்குப் புலனாயிற்றுப் போலும். பகைவனது வெற்றிமுரசு கேட்டு விசயை மயங்க, பொறியும் சுடுகாட்டில் இறங்குகின்றது. ஓட்டுவார் சோர்ந்தால் ஊர்தி நில்லாது என்பதைப் புலவர் மறந்திலர். பலகை தீட்டியவர்க்கோ இறங்கும் நினைவே இல்லை.

ஆயினும் இம்மயிலைச் சான்றாக்கி, பண்டைத் தமிழர் விமானம் விட்டனர் என்று மேடையில் முழங்குவாருடன் யாம் உடன்படோம். அதனை எழுப்பிய விசை யாது என்பதற்குக் காப்பியத்தில் விடையில்லை. தமிழ் பயில்வோரே இதனை எடுத்துரைத்தல் வேண்டும். பிறர் உரைப்பின் தமிழ்ப்பகை என்பர். ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் வடமொழி நூலின் விமானங்களை 1974ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து அறிஞர் ஐவர் கணக்கிட்டு ஆராய்ந்து, அவை பறக்கவியலாதன என்றும், அந்நூல் இருபதாம் நூற்றாண்டினதே என்றும் எழுதினர். அதனால் வடமொழிக்கு இழுக்கொன்றும் நேர்ந்ததில்லை.

காற்று அடங்கியபின் துணியும் மெழுகும் கொண்டு ஒரு சிறு மயில் செய்து பார்ப்போம் என்று பௌதிக நண்பர் சொல்லியிருக்கின்றார். விசைக்கு என் செய்வது என்பதே இப்போது எமக்குள் நிகழும் வழக்கு.