நாற்பத்தாறும் ஒன்றும்

ஆண்டு முழுவதும் உழைத்தவர்க்கு ஒரே நாளின் வெற்றி தோல்வியால் உயர்வும் தாழ்வும் வகுத்தல் முறையாகுமா என்பது பழைய வினா. தேர்வு மண்டபத்துள் நுழையும் மாணவர் நெஞ்சில் அவ்வினா ஆண்டுதோறும் எழுவதுண்டு. அதனை வெட்டவெளியில், எண்பதினாயிரம் கண்கள் காண, தெளிவாகப் பார்க்க விரும்புவோர் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தாட்டத்தை நோக்குக. அந்நாட்டின் இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு உயரும் ஒரு கழகத்தைத் தெரிந்தெடுக்க, லண்டன் நகரத்து வெம்பிளி மைதானத்தில் நிகழும் இறுதி ஆட்டமே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

அதன் முறை யாதெனின், இரண்டாம் பிரிவில் 24 கழகங்கள் உள. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 46 ஆட்டங்கள் ஆடும். முடிவில் முதலிரண்டு இடம் பெற்றவை நேரே மேலேறும். எஞ்சிய ஓரிடத்துக்கு, மூன்றாவது முதல் ஆறாவது வரை நின்ற நான்கு கழகங்கள் தம்முள் பொருதி வந்தன. இறுதியில் இரண்டு எஞ்சி ஒரே ஆட்டத்தில் மோதும். யான் இங்கே காட்டும் இங்கிலாந்து இறுதிகள் யாவும் இம்முறைப்படி நடந்தவையே.

இதனை அநீதி என்பாருளர். அவர் கூற்றுக்குச் சான்று பலவுண்டு. 1998ஆம் ஆண்டு சண்டர்லாந்து 90 புள்ளிகளுடன் மூன்றாவதாக நின்றது. சார்ல்ட்டன் 88 புள்ளிகளுடன் நான்காவதாக நின்றது. இறுதி ஆட்டம் நான்குக்கு நான்கு எனச் சமனாயிற்று. சார்ல்ட்டனுக்காக மூன்று கோல் அடித்த கிளைவ் மெண்டோன்ஸா என்பார் சண்டர்லாந்து நகரிலேயே வளர்ந்தவர் என்பது வியப்பினும் வியப்பு. பின்னர்ப் பெனால்டி உதைகளில் சார்ல்ட்டன் ஏழுக்கு ஆறாக வென்றது. சண்டர்லாந்தின் மைக்கேல் கிரே உதைத்த பந்தை எதிர்க்கழகக் கோல் காவலர் பற்றிக்கொள்ள, 46 ஆட்டங்களின் பயன் அந்த ஒரு கணத்தில் கை நழுவிற்று. மறு பருவத்தில் அதே சண்டர்லாந்து 105 புள்ளி ஈட்டி முதலிடம் பெற்று ஏறியது எனின், அது தகுதியற்ற கழகம் என யார் கூறவல்லார்?

2014இல் 85 புள்ளி பெற்ற டார்பியை, 80 புள்ளியே பெற்ற குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், பத்துப் பேருடன் ஆடியும், தொண்ணூறாம் நிமிடத்து ஒரு கோலால் வென்றது. 2025இல் 90 புள்ளி பெற்ற ஷெஃபீல்டு யுனைட்டெட்டை, 76 புள்ளியே பெற்ற சண்டர்லாந்து இரண்டுக்கு ஒன்றாக வென்றது. முன்னொரு நாள் அழுத நகரம் இம்முறை ஆர்த்தது. பதினான்கு புள்ளி வேறுபாடு ஒரு மாலைப்பொழுதில் மறைந்தொழிந்தது.

தோற்றோர் இழப்பது புகழ் மாத்திரமன்று. 2024இல் சவுதாம்ப்டனும் லீட்சும் மோதிய இறுதியில் வெல்லும் கழகத்துக்கு மூன்று பருவங்களில் குறைந்தது 14 கோடி பவுண்டு கூடுதல் வருவாய் கிட்டும் என டெலாய்ட் என்னும் கணக்காய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 87 புள்ளி பெற்றிருந்த சவுதாம்ப்டன் ஒரே கோலால் வென்று மேலேறி, அடுத்த பருவத்தில் 12 புள்ளிகளே பெற்றுக் கடைசியாய் நின்று கீழிறங்கியது. 90 புள்ளி பெற்றும் தோற்ற லீட்சோ, மறு பருவத்தில் 100 புள்ளி பெற்று முதலாவதாக ஏறியது.

நிற்க. ஆதலால் இவ்விறுதி ஆட்டத்தையே ஒழித்துவிடுக என்று கூறல் தகுமோ? தகாது என்பதே எம் கருத்து. 1980களின் நடுவில் அந்நாட்டு மைதானங்களில் மக்கள் தொகை பெரிதும் குன்றியிருந்தது. மேலேறவும் இயலாது, கீழிறங்கவும் போவதில்லை என்னும் நிலையில் நடுவில் நிற்கும் கழகத்துக்கு, பருவத்தின் பிற்பகுதி வெறுங்கடனாகிவிடும். 1987இல் இம்முறை வந்தபின், பத்தாம் இடத்தில் நிற்கும் ஊருக்கும் ஏப்ரல் மாதம் வரை நம்பிக்கை உளதாயிற்று. ஐந்தாம் படிக்கு வீழ்ந்து 2009 முதல் 2014 வரை அங்கே உழன்ற லூட்டன் என்னும் சிறு கழகம், 2023இல் இவ்வாயிலின் வழியேதான் முதற்பிரிவு புகுந்தது. இவ்வாயிலை அடைப்பது எளிது. அடைத்தபின் எத்தனை ஊர்களின் மாலைப்பொழுது இருண்டுபோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் குறை யாண்டுளது? ஆட்டத்தில் இல்லை, ஆட்டம் சமனாகும்போது பின்பற்றும் விதியில் உளது. தொண்ணூறு நிமிடமும் கூடுதலாக முப்பது நிமிடமும் ஆடியும் ஒருவரை ஒருவர் வெல்லவில்லை எனின், அவ்வொரு நாள் தீர்ப்புரைக்க மறுத்துவிட்டது என்பதே பொருள். அப்பொழுது பெனால்டி உதை என்னும் புதிய சோதனையைத் தேடி ஓடுவானேன்? 46 ஆட்டங்கள் முன்னரே ஒரு தீர்ப்பு எழுதிவைத்துள்ளன அன்றோ? சமனாயின், பட்டியலில் மேல் நின்ற கழகமே ஏறுக என விதித்தல் வேண்டும். இதுவே யான் வற்புறுத்த விரும்புவது.

இதற்கு ஒரு தடை கூறுவர்: மேல் நின்ற கழகம் கோல் அடிக்க முயலாது, வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆட்டம் சுவையற்றுப்போம் என்பர். இத்தாலி நாடு இதற்கு விடை தருகின்றது. அங்கே இரண்டாம் பிரிவின் இறுதி இரண்டு ஆட்டமாக நடைபெறும். 2023இல் மூன்றாவதாக நின்ற பாரியும் ஐந்தாவதாக நின்ற கால்யாரியும் மோதின. முதலாட்டம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் ஆட்டமும் சமனாயின் அந்நாட்டு விதிப்படி பாரியே ஏறும். தன் ஊரில், தன் மக்கள் முன்னிலையில், கோலின்றி 94ஆம் நிமிடம் வரை பாரி தாங்கி நின்றது. அந்நிமிடத்தில் கால்யாரியின் பாவொலெத்தி ஒரு கோல் அடித்தார்; கால்யாரி ஏறியது. சுவை குன்றிற்றா? மிக்கதேயன்றிக் குன்றவில்லை. கீழ் நின்றவன் மேலேற வேண்டின், மைதானத்தில் வென்றே ஏறுக என்பதன்றோ நேர்மை!

பழைய வரலாறும் இதற்குத் துணை நிற்கின்றது. 1893 முதல் 1898 வரை அந்நாட்டில் சோதனை ஆட்டங்களால் உயர்வு தாழ்வு வகுத்தனர். 1898இல் ஸ்டோக், பர்ன்லி என்னும் இரு கழகங்களுக்கும் கடைசி ஆட்டம் சமனானாலே போதும் என்ற நிலை நேர்ந்தது. இருவரும் கோலடிக்க முயலாது ஆடிச் சமன் செய்துகொண்டனர். அவ்விகழ்ச்சிக்குப் பின் அம்முறையே கைவிடப்பட்டது. சமன் இருவர்க்கும் நலம் பயப்பின் ஆட்டம் பொய்யாகும் என்பதே அதன் பாடம். யாம் கூறும் விதியிலோ சமன் ஒருவர்க்கே நலம் பயக்கும்; மற்றவர் வென்றே தீரவேண்டும். ஆதலின் ஆட்டம் மெய்யாகவே நடைபெறும்.

இவ்விதி இருந்திருப்பின் 1998இல் சண்டர்லாந்து ஏறியிருக்கும். 2023இல் கோவென்ட்ரியுடன் ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்த லூட்டன், மூன்றாவதாக நின்றமையால், பெனால்டி உதையின் துணையின்றியே ஏறியிருக்கும். 2025இன் சண்டர்லாந்தோ, 95ஆம் நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலால், விதிக்கு அஞ்சாமலே ஏறியிருக்கும். வீரம் எதனையும் இவ்விதி பறிப்பதில்லை. தற்செயலை மட்டுமே குறைக்கின்றது.

ஒரு நாளுக்கு அதற்குரிய பெருமையைக் கொடுப்போம். அந்நாளில் வென்றவன் வென்றவனே. ஆயின் அந்நாள் வாய்திறவாதபோது, மழையிலும் பனியிலும் ஆடிமுடித்த 46 நாட்களையும் சாட்சி கூற அழைத்தலே நடுவுநிலைமை என்பது எமது துணிபு.