டிரைவரின் தலைவலி யாருடைய தலைவலி?

குஜராத்திலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிவந்த லாரி ஒன்று கோவைப் பக்கத்தில் ஒரு மில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிடந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர்களில் ஒருவர், "பகலிலேயே போட்டுவிட்டுக் கிடக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் போய் விசாரித்தோம். அவர் குடிக்கவில்லை. இரண்டு நாளாக மண்டையின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பதுபோல் வலிக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் குமட்டுகிறது, வழியில் மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தேன் என்றார். "பின் ஏன் ஓட்டினீர்கள்?" என்று கேட்டோம். "நிறுத்தினால் யார் சோறு போடுவார்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நம்மில் யாரிடம் பதில் இருக்கிறது?

கிராமத்தில் பித்தத் தலைவலி என்றும், வைத்தியர்கள் மைக்ரேன் என்றும் சொல்லும் ஒற்றைத் தலைவலிதான் இது. சாதாரணத் தலைவலி வேறு, இது வேறு. மண்டையின் ஒரு பக்கத்தில் நாடித் துடிப்போடு சேர்ந்து வலிக்கும். சில சமயம் இரு பக்கமும் வரும். நடந்தால் வலி கூடும். வெளிச்சமும் சத்தமும் வாடையும் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலி வருமுன் கண்ணில் கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் ஓடும். பார்வையில் ஒரு பகுதி மறைந்துபோகும். இது 5 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கலாம். 20 டன் பாரத்தோடு இறக்கத்தில் வரும் ஒருவருக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இது அபூர்வ வியாதி அல்ல. உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வரும். ஆகவே லாரித் தொழில்தான் இந்த வியாதியை உண்டாக்குகிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த உடல்வாகு உள்ளவருக்கு வலியைக் கிளப்பிவிடுபவை எவை? தூக்கம் கெடுவது, வேளை தப்பிச் சாப்பிடுவது, தண்ணீர் குடிக்காமலிருப்பது, வெயில், கண்ணில் அடிக்கும் வெளிச்சம், ஓயாத இரைச்சல், புகை நாற்றம், மனக்கவலை. இந்த ஜாபிதாவை ஒரு வைத்தியர் எழுதினால் நோயின் காரணங்கள் என்பார். ஒரு லாரி டிரைவரிடம் படித்துக் காட்டினால், "இது என் வேலை நாளாயிற்றே!" என்பார்.

இரவு பூராவும் எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறது. பகலில் இன்ஜின் சூட்டில் கேபின் அடுப்பாய்க் காய்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக லாரிகளுக்கும், அவற்றுக்கு அடுத்த ரக லாரிகளுக்கும், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளில் குளிர்சாதனக் கேபின் இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன் தயாராகி இன்று ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் இருப்பவர்கள் வேகத்தான் வேண்டும். முன்பு கிளீனர் ஒருவர் கூட இருந்தார். பேச்சுத்துணைக்கும் வண்டி பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தது. இன்று எத்தனையோ வண்டிகளில் ஒற்றை ஆள்தான். அவர் தூங்கினால் தார்ப்பாய் அறுபடும், டீசல் திருட்டுப்போகும். ஆகவே தூங்கும்போதும் ஒரு கண் விழித்தேயிருக்கிறது.

இந்த நிலைமையில் மனிதன் என்ன செய்வான்? மாத்திரை போடுகிறான். பெட்டிக்கடையில் இரண்டு, மருந்துக்கடையில் நான்கு என்று வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குகிறான். முதலில் வலி நிற்கிறது. பிறகு அதே மாத்திரையே வலியைக் கொண்டுவருகிறது! இது பலருக்கும் தெரியாத விஷயம். ஆகவே அழுத்திச் சொல்கிறோம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டுவந்தால், மாத்திரையாலேயே தினசரித் தலைவலி உண்டாகிறது. குடலும் சிறுநீரகமும் கெடுவது தனி.

டிரைவர் தோழர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியவை சில உண்டு. கண்ணில் ஒளிக்கோடு ஓடினாலோ பார்வை மறைந்தாலோ அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு ஓரங்கட்டி நிறுத்துங்கள். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தான்" என்ற நினைப்புத்தான் ஆளைக் கொல்கிறது. வலி ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் கேட்கும். முற்றியபின் எடுத்தால் வாந்தியில் போய்விடும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் கடைக்காரரிடம் போகாதீர்கள், சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நான் லாரி ஓட்டுகிறேன்" என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். வலி வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்துகள் உண்டு. அவற்றில் சில தூக்கம் வரவழைப்பவை. தொழிலைச் சொன்னால்தான் பொருத்தமானதைத் தருவார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறு நோட்டில் வலி வந்த தேதி, முந்தின இரவு தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் இவற்றைக் குறித்துவாருங்கள். இரண்டு மாதக் குறிப்பு வைத்தியருக்கு உதவும். யூனியனுக்கும் சாட்சியாக உதவும்.

இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் கடும் வலி, ஜுரத்தோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, வாய் குழறுவது, தலையில் அடிபட்டபின் வரும் வலி இவையெல்லாம் வேறு அபாயத்தின் அறிகுறிகள். லோடு எங்கே இருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழுகிறது. வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்று புத்தி சொல்வது எளிது. அந்த வேளையும் நேரமும் டிரைவரின் கையிலா இருக்கின்றன?

சட்டத்தைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. தூர வழிகளுக்கு மட்டும் அனுமதியுடன் 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றும் எழுதியது. ஏட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 5 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிக்குத்தான் அது பொருந்தும். ஒன்று இரண்டு வண்டி வைத்திருப்போரிடம் வேலை செய்பவர் சட்டத்துக்கு வெளியே நின்றார். அந்தச் சட்டத்தை விழுங்கிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கிறது. அது என்ன செய்தது? 5 என்பதை 10 ஆக்கியது! வெளியே நின்றவர்களை உள்ளே அழைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களையும் வெளியே தள்ளியது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். வண்டி முனையங்களில் 15 நிமிஷத்துக்குக் குறைவாகக் காத்திருந்தால் அது வேலை நேரத்தில் சேரும் என்கிறது சட்டம். அப்படியானால் மில் கேட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் சரக்கு இறக்கக் காத்துக் கிடப்பவர் என்ன செய்துகொண்டிருந்ததாகக் கணக்கு? ஓய்வெடுத்ததாகவா?

சரக்கோடு போகும் ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் சர்க்கார் அவகாசம் தருகிறது. 1,600 கிலோமீட்டர் தூரம் வரும் பஞ்சுக்கு 8 நாள் கிடைக்கும். பில்லுக்கு 8 நாள்! ஓட்டுகிற மனிதனுக்கோ மூன்று நாள், நான்கு நாள் என்று போனில் விரட்டல்! காகிதத்துக்குக் காட்டும் கருணையில் பாதியாவது ரத்தமும் சதையுமான மனிதனுக்குக் காட்டக் கூடாதா?

"நோயாளி ஏன் லாரி ஓட்ட வேண்டும்? லைசென்சைப் பறித்துவிட்டால் போகிறது" என்று சொல்லும் கனவான்கள் உண்டு. லைசென்சைப் பறித்தால் என்ன நடக்கும்? வியாதி மறைக்கப்படும். சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தால் எந்தத் தொழிலாளி வைத்தியரிடம் உண்மையைச் சொல்வான்? இன்றும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை லைசென்சைப் புதுப்பிக்கும்போது வைத்தியச் சான்று கேட்கிறார்கள். நடுவில் உள்ள ஐந்தாண்டும் அவர் தலைவலியோடு ஓட்டினாரா, நெஞ்சுவலியோடு ஓட்டினாரா என்று கேட்க நாதியில்லை.

விபத்து நடந்துவிட்டால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். நாளுக்கு 460 பேருக்கு மேல். டிரைவரும் பாதசாரியும் சைக்கிளில் போன விவசாயத் தொழிலாளியும் அதில் அடக்கம். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. தெரிவிக்காமல் ஓடிப்போனவருக்குப் பத்தாண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். 2024 ஜூலை 1-ல் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சேர்ந்து நின்றால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஓடிப்போவதை நாம் நியாயப்படுத்தவில்லை, அடிபட்டவனும் ஏழைதான். ஆனால் நாம் கேட்பது இதுதான்: இரண்டு இரவு தூங்காதவனை, வலியில் பார்வை மங்கியவனை, "விடியுமுன் வந்து சேர்" என்று விரட்டியவன் எந்தப் பிரிவில் வருகிறான்?

ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உடைமையாளர்களை நாம் எதிரிகளாகப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் நேற்று வரை டிரைவர்கள். இன்றும் தாங்களே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் பைனான்ஸ் தவணை, இன்னொரு பக்கம் டீசல், டோல்கேட், நடுவில் வாடகையை நசுக்கும் புக்கிங் தரகு. மேலேயிருந்து விழும் அடி அவர்கள் வழியாக டிரைவரின் மண்டையில் இறங்குகிறது. வாடகை நியாயமானால்தான் ஓய்வும் நியாயமாகும்.

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம். எத்தனை ஆள் என்ற கணக்கில்லாமல் ஒற்றை வண்டி டிரைவருக்கும் வேலை நேரச் சட்டம் பொருந்த வேண்டும். ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரம் வேலை நேரமே என்று ஏற்று, அதற்குப் படி தர வேண்டும். தொலைதூர வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும். நெடுஞ்சாலைகளில் நிழலும் தண்ணீரும் கக்கூஸும் காவலும் உள்ள ஓய்விடங்களும், அங்கே ரத்த அழுத்தமும் கண்ணும் பார்க்கும் வைத்தியரும் வேண்டும். எல்லா டிரைவருக்கும் இ.எஸ்.ஐ. வேண்டும். வியாதியைச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது.

மில் தோழர்களே! இ.எஸ்.ஐ. அட்டை உள்ள உங்களுக்கு வியாதி வந்தால், விதிப்படி சந்தா இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. உங்களுக்குப் பஞ்சு கொண்டுவருகிறவருக்கும், நூலை ஏற்றிப்போகிறவருக்கும் அந்த அட்டை இல்லாதபோது, உங்கள் கையிலுள்ளதும் நெடுநாள் தங்காது. விவசாயத் தொழிலாளத் தோழர்களே! நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் ஸ்டியரிங் பிடிப்பவர் யார்? வயலில் வேலை இல்லாமல் ஊரை விட்டுப்போன உங்கள் பிள்ளையும் உங்கள் தம்பியும்தான். வெயிலில் நாற்று நட்டு மண்டை வலிக்கும்போது அதன் வேதனை உங்களுக்குத் தெரியும். மருந்து தெளித்தபின் தலைவலியும் வாந்தியும் கண் மங்கலும் வந்தால் அது விஷம் ஏறியதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மில் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் டிரைவருக்கு ஒரு குடம் தண்ணீர், ஒரு நிழல், உங்கள் கக்கூஸைப் பயன்படுத்த அனுமதி, வந்த வரிசைப்படி சரக்கு இறக்கும் முறை இவற்றை உங்கள் யூனியன் நிர்வாகத்திடம் கேட்கட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள்.

அன்று அந்த கேட்டில் நின்ற டிரைவரை மில்லின் சைக்கிள் கொட்டகைக்குக் கூட்டிப்போய் இருட்டான மூலையில் படுக்கவைத்தோம். யாரோ ஒருவர் மோர் கொண்டுவந்தார். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்தவர் முகம் கழுவிக்கொண்டு, "வழியெல்லாம் இப்படி ஒரு இடம் இருந்தால் போதும்" என்றார்.

அவர் கேட்டது பெரிய சொத்து அல்ல. நான்கு மணி நேரத் தூக்கம்! அதைக்கூடப் போராடித்தான் வாங்க வேண்டும் என்றால், போராடுவோம். அவருக்காக அல்ல, அவரோடு சேர்ந்து.