எண்ணப்படாத எம்மவர்



2020 ஆம் ஆண்டின் இளவேனிலில் இலண்டனிலும் பாரிசிலும் பிறசெல்சிலும் வாழ்ந்த எம் உறவினர், "உங்கள் நாட்டில்தான் சாவு அதிகம்" என்று தொலைபேசியில் வாதிட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். நாள்தோறும் வெளியான கொரோனா இறப்புப் பட்டியல்களை உதைபந்தாட்டப் புள்ளிப்பட்டியல் போன்று நாம் நம்பினோம்.

அவை ஒப்பிட்டது நாடுகளையா, எண்ணும் முறைகளையா? முதியோர் இல்லங்களில் பரிசோதிக்கப்படாமலே, தொற்று என ஐயுறப்பட்டு இறந்தோரையும் பெல்ஜியம் எண்ணியது. அந்த நேர்மைக்குப் பரிசாக, மக்கள்தொகை விகிதத்தில் மிக மோசமான நாடு என்னும் பெயரே அதற்குக் கிடைத்தது. பிரித்தானியாவோ 2020 ஆகஸ்ட் 12 அன்று, தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தோரை மட்டுமே எண்ணுவதென அறிவித்தது. ஒரே நாளில் 5,000 இற்கும் மேற்பட்ட இறப்புகள் கணக்கிலிருந்து மறைந்தன. உயிர்த்தெழுந்தவர் எவருமிலர்! (அதுவரை இங்கிலாந்தில், தொற்றியவர் பின்னர் எக்காரணத்தால் இறந்தாலும் எண்ணப்பட்டார் என்பதையும் சொல்லவேண்டும், அதுவும் பிழையான முறையே.)

ஆனால் எமக்குரிய கேள்வி வேறு. இவ்வெண்களில் தமிழர் எங்கே?

பிரான்சில் இனவாரியாகத் தரவு திரட்டுவதை 1978 ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சுவது பிறந்த நாடு. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில், முன்னைய ஆண்டைவிட, பிரான்சில் பிறந்தோரின் இறப்பு 22 வீதத்தாலும் ஆசியாவில் பிறந்தோரின் இறப்பு 91 வீதத்தாலும் கூடின. 91 வீதம்! அவர்களுள் யாழ்ப்பாணத்தவர் எத்தனைபேர், வியட்நாமியர் எத்தனைபேர்? "ஆசியா" என்னும் ஒற்றைச் சொல் அதனை மூடிவிடுகிறது. அங்கு பிறந்த எம் பிள்ளைகளோ "பிரான்சில் பிறந்தோர்" என்பதற்குள் கரைந்துபோகின்றனர். இனவாரியாக எண்ணும் பிரித்தானியாவிலும் நாம் பெரும்பாலும் "இந்தியர்" அல்லது "ஏனைய ஆசியர்" மட்டுமே.

பட்டியல் என்றாலே எமது மூத்தோர் அஞ்சுவர். 1983 இல் கொழும்பில் காடையர் வாக்காளர் பட்டியலுடன் வீடு தேடி வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. எனினும், எண்ணப்படாதவரின் நோய்க்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. உடல்நிறைச் சுட்டெண் 25 ஐ எட்டுமுன்னரே, 23 இலேயே தென்னாசியருக்கு நீரிழிவு ஆபத்துக் கூடுகிறதென இன்று பிரித்தானிய மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர் என்றால், தென்னாசியரைத் தனியாக எண்ணிப் பார்த்ததனாலேயே அது தெரியவந்தது.

பிரித்தானியாவில் வாழும் இளையோரே, மருத்துவப் படிவத்தில் "ஏனையோர்" என்பதன் அருகே வெற்றிடம் இருந்தால், அதில் "தமிழர்" என்று எழுதுங்கள். பெற்றோருக்கும் எழுதிக் கொடுங்கள். பிரான்சில் வாழ்வோர், "ஆசியா" என்னும் வரிசையை நாடுவாரியாகப் பிரித்து வெளியிடுமாறு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள்.